தீருவை வீழ்த்தியது கர்த்தரா, கடல் மணலா?

கேள்வி: எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் ஏசாயா 23-ஆம் அதிகாரத்தை நான் நடத்த வேண்டும். தயாரிக்கும்போது இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன். பழங்காலத் துறைமுக நகரமான தீரு இனிக் கட்டப்படாது என்று எசேக்கியேல் 26:14 சொல்கிறது. ஆனால் அப்போஸ்தலர் 21-இல் பவுல் அதே ஊரில் ஏழு நாள் தங்குகிறார். இது ஒன்று. அண்மையில் ஒரு பெரிய நகரத்தில் வெள்ளம் புகுந்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது, வகுப்பில் ஒருவர், "பணத்திமிர் பிடித்த ஊர், கர்த்தர் கணக்குத் தீர்த்துவிட்டார்" என்றார். அங்கே உறவினர் இருக்கும் ஒரு பெண் எழுந்து போய்விட்டார். இது இரண்டாவது. என்ன பதில் சொல்வது? ஒரு மணி நேரத்துக்குள் பாடத்தை எப்படி நடத்துவது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எசேக்கியேல் 26:2-ஐத் திறந்து பாருங்கள். அந்த அதிகாரத்தில் தீருவின்மேல் வைக்கப்படும் முதல் குற்றம் அதன் செல்வம் அல்ல. எருசலேம் இடிந்த செய்தி கேட்டு அது "ஆ, ஆ" என்றது. ஜனங்கள் வந்துபோகும் வாசலாக இருந்த போட்டி நகரம் விழுந்தது, இனி அந்த வரவெல்லாம் என் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போட்டது. விழுந்து கிடக்கும் ஊரைப் பார்த்து உள்ளுக்குள் மகிழ்வதுதான் தீருவின் குற்றப்பத்திரிகையில் முதல் வரி. உங்கள் வகுப்பில் பேசியவர் தீர்க்கதரிசியின் இடத்தில் நிற்பதாக நினைத்துப் பேசினார். வசனப்படி பார்த்தால் அவர் நின்றது தீருவின் இடத்தில். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம். அந்த வசனத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், போதும்.

அவரைத் திருத்துவதற்காகக் கர்த்தருடைய ஆளுகையைக் குறைத்துப் பேசிவிடாதீர்கள். இந்த இடத்தில் பல ஆசிரியர்கள் எதிர்ப்பக்கம் சரிந்துவிடுகிறார்கள். "கடவுள் அன்புள்ளவர், இதெல்லாம் இயற்கை" என்று சொல்லி முடித்தால், ஏசாயா 23-ஐ நடத்தவே முடியாது. அதன் எட்டாம் வசனம் நேரடியாகவே கேட்கிறது: கிரீடம் சூட்டும் தீருவுக்கு விரோதமாக இதை யோசித்துத் தீர்மானித்தவர் யார்? ஒன்பதாம் வசனம் அதே வினைச்சொல்லால் விடை தருகிறது: சேனைகளின் கர்த்தரே. ஆமோஸ் 3:6-உம் இதே திசையில்தான் பேசுகிறது. கர்த்தர் தீர்மானித்தார் என்பதில் வேதத்துக்குத் தயக்கம் இல்லை. அதைச் சொல்லும் உரிமை யாருக்கு, எப்போது, எதன் அடிப்படையில் என்பதில்தான் அது கண்டிப்பாக இருக்கிறது.

தீர்க்கதரிசிகள் அழிவுக்கு முன்பே பேசினார்கள், குற்றத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். நமக்கோ இடிபாடு மட்டுமே தெரிகிறது. குற்றத்திலிருந்து அழிவுக்குப் போகும் வழி அவர்களுக்குக் காட்டப்பட்டது. அழிவைப் பார்த்துவிட்டுக் குற்றத்தைத் தேடிப் பின்னோக்கி நடக்கும் வழியை லூக்கா 13:1-5-இல் இயேசு அடைத்துவிடுகிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, "அல்ல" என்று அவரே சொல்கிறார். பிறகு கேள்வியைக் கேட்பவர்கள் பக்கமே திருப்புகிறார்: நீங்கள் மனந்திரும்பினீர்களா? வெள்ளம், தீ, பூகம்பம் எதுவானாலும் வகுப்பில் இந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுந்து போன சகோதரியிடம் வகுப்புக்கு முன்பே தனியாகப் போய் விசாரியுங்கள். அவருக்கு இப்போது விளக்கம் தேவையில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்த வரையில் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். வாய் திறந்த பிறகே கெடுத்தார்கள்.

அடுத்து, தீருவின் குற்றம் என்ன? பணக்கார ஊர் என்பதே குற்றம் என்று வகுப்பு எடுத்துக்கொள்ளும், நீங்கள் தடுக்காவிட்டால். எசேக்கியேல் 27-ஐ நிதானமாக வாசித்தால் அப்படித் தோன்றாது. அந்த அதிகாரம் தீருவை ஓர் அழகான கப்பலாக வரைகிறது: பலகைகள் சேனீரின் தேவதாரு, பாய்மரம் லீபனோனின் கேதுரு, துடுப்புகள் பாசானின் கர்வாலி. பிறகு சரக்குப் பட்டியல். தர்ஷீசிலிருந்து வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம். தமஸ்குவிலிருந்து திராட்சரசமும் வெண்மையான ஆட்டுமயிரும். யூதாவும் இஸ்ரவேலும் கோதுமை, தேன், எண்ணெய் கொண்டுவந்தன. இவை எதையும் தீர்க்கதரிசி பழிக்கவில்லை. ஆனால் 13-ஆம் வசனத்தில், வெண்கலப் பாத்திரங்களோடு ஒரே மூச்சில் மனுஷர்களும் விற்பனைக்கு வருகிறார்கள். அங்கே நிறுத்துங்கள். ஆமோஸ் 1:9 ஒரு கூட்டத்தை முழுதாகச் சிறைபிடித்து ஏதோமிடம் ஒப்படைத்ததையும், சகோதர உடன்படிக்கையை மறந்ததையும் சொல்கிறது. யோவேல் 3:6 யூதாவின் பிள்ளைகளைக் கிரேக்கரிடம் விற்றதைச் சொல்கிறது. எசேக்கியேல் 28:18 வியாபாரத்தின் அநீதியையும், 28:2 "நான் தேவன்" என்ற அதிபதியின் பெருமையையும் சேர்க்கிறது. பிறர் வீழ்ச்சியில் லாபம், ஆள் விற்பனை, அநியாய வியாபாரம், தன்னையே தெய்வமாக்கிக்கொள்வது. செல்வம் இந்த நான்கும் விளைந்த நிலம், அவ்வளவே.

வெளிப்படுத்தின விசேஷம் 18:12-13-இல் பாபிலோனின் சரக்குப் பட்டியலும் பொன்னில் தொடங்கி மனுஷருடைய ஆத்துமாக்களில் முடிவதைக் காட்டினால், எசேக்கியேலைத்தான் யோவான் மனதில் வைத்து எழுதினார் என்பது வகுப்புக்கு விளங்கிவிடும்.

தீருவின் செல்வத்துக்குக் கைப்பிடியான ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஊதாச் சாயம் ஏற்றிய துணியான இரத்தாம்பரத்தைச் சொல்லுங்கள். அந்தச் சாயம் முள்நத்தை வகைக் கடல் நத்தைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 1909-இல் ஒரு ஜெர்மன் வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து சாயத்தைப் பிரித்தெடுத்தபோது கிடைத்தது 1.4 கிராம். அரசர்களும் பிரபுக்களும் மட்டுமே ஏன் அதை உடுத்த முடிந்தது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. கடினமான பகுதி இதுதான், நேரம் செலவழிக்க வேண்டியதும் இங்கேதான். முதலில் கரும்பலகையில் ஒரு வரைபடம் போடுங்கள். தீரு இரண்டு துண்டு: கரையில் ஒரு பழைய குடியிருப்பு, கரையிலிருந்து சுமார் முக்கால் கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் ஒரு தீவு நகரம். தீவின் வடக்கில் ஒரு துறைமுகம், தெற்கில் ஒன்று. இந்தப் படம் இல்லாமல் முற்றுகை யாருக்கும் புரியாது. கரையை மட்டும் வளைத்துக்கொண்ட படையால் தீவைப் பட்டினி போட முடியாது. கப்பல்கள் வந்துகொண்டே இருக்கும்.

பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாருக்கு நடந்தது அதுதான். கி.மு. 585 வாக்கில் தொடங்கிய அவனது முற்றுகை 13 ஆண்டு நீண்டதாக யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்கிறார். முடிவில் தீரு பாபிலோனின் மேலாதிக்கத்தை ஏற்றது, ஆனால் கொள்ளைப் பொருள் கைக்கு வரவில்லை. இதை நாம் வெளியே தேட வேண்டியதில்லை, எசேக்கியேலே 29:17-20-இல் எழுதிவைத்திருக்கிறார். கி.மு. 571-ஐச் சேர்ந்த அந்த வாக்குதான் அவருடைய புத்தகத்திலேயே மிகப் பிந்திய தேதி உள்ளது. சுமை தூக்கித் தூக்கிப் படைவீரர் ஒவ்வொருவன் தலையும் மொட்டையாயிற்று, தோள் தோலுரிந்தது, ஆனாலும் கூலி கிடைக்கவில்லை. ஆகையால் எகிப்தை அவனுக்குக் கூலியாகக் கொடுக்கிறேன் என்கிறார் கர்த்தர். கி.மு. 568/567-இல் நேபுகாத்நேச்சார் எகிப்துக்கு எதிராகப் படையெடுத்ததைக் குறிக்கும் உடைந்த களிமண் பலகை ஒன்றும் கிடைத்திருக்கிறது.

இந்த நான்கு வசனங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பெரும்பாலான பிரசங்கங்கள் 26-ஆம் அதிகாரத்திலிருந்து நேரே மக்கெதோனிய ராஜா அலெக்சாந்தருக்குத் தாவுவது இவற்றை மறைப்பதற்காகவே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. முன்பு சொன்னதையும், அது வேறு விதமாக நடந்ததையும் ஒரே புத்தகத்தில் அருகருகே வைத்தவர் தீர்க்கதரிசியே. கர்த்தருடைய ஆளுகை பொத்தானை அழுத்தினால் உடனே விளக்கு எரிவது போன்றதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. அந்நிய ராஜா ஒருவன் அவருடைய வேலைக்காரன், அவனுக்குக் கூலிப் பாக்கி உண்டு, அதை அவர் இன்னொரு தேசத்திலிருந்து செலுத்துகிறார்!

அதற்குச் சுமார் 240 ஆண்டுகளுக்குப் பிறகு, கி.மு. 332-இல் அலெக்சாந்தர் வந்தான். தீவிலுள்ள, தீருவின் தெய்வமான மெல்கார்ட்டின் கோயிலில் பலியிட அனுமதி கேட்டான், தீரு மறுத்தது. பெர்சியக் கடற்படைக்குத் துறைமுகம் கிடைக்கக்கூடாது என்பது அவனுடைய போர்க்கணக்கு. கப்பல் போதாததால் கடலைத் தூர்த்துப் பாதை போட்டான். கரையிலிருந்த பழைய தீருவை இடித்த கல்லும் மண்ணும், லீபனோன் மரமும் கடலுக்குள் போயின. தீருவினர் தீக்கப்பல் ஒன்றை ஏவி, பாதையின் முனையில் நின்ற கோபுரங்களை எரித்தார்கள். பாதையை அகலமாக்கினான். சைப்ரசும் மற்ற பெனிக்கிய நகரங்களும் தங்கள் கப்பல்களோடு அவன் பக்கம் வந்த பிறகே இரு துறைமுகங்களையும் அடைக்க முடிந்தது. ஏழு மாதத்தில் நகரம் விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், பல்லாயிரம் பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

எசேக்கியேல் 26:12-இல் கல்லையும் மரத்தையும் மண்ணையும் கடலில் போடுவார்கள் என்று இருப்பதை இங்கே வாசியுங்கள். வகுப்பு தானாகவே நிமிர்ந்து உட்காரும். ஒரு எச்சரிக்கை: 7 முதல் 11 வரை "அவன்" என்று வந்து, 12-இல் "அவர்கள்" என்று மாறுவதை வைத்து, அது அலெக்சாந்தரையே குறிக்கிறது என்று அடித்துச் சொல்லாதீர்கள். நேபுகாத்நேச்சாரின் வீரர்களையும் அப்படிக் குறிக்கலாம். 26:3-இல் கடல் அலைகளைப்போல அநேக ஜாதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவார்கள் என்று இருப்பது இன்னும் உறுதியான பிடி. நடந்ததும் அப்படித்தான், ஒரே அடியில் அல்ல.

தலைப்பில் உள்ள மணல் இங்கேதான் வருகிறது. தீவுக்கும் கரைக்கும் இடையில் கடலடியில் ஏற்கெனவே ஒரு மணல்திட்டு வளர்ந்திருந்தது, நீர்மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் கீழேதான் இருந்தது என்று நிலவியல் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தத் திட்டு இல்லாவிட்டால் பாதை போடுவது மிகக் கடினமாகியிருக்கும். பாதை போட்டபின் அலை கொண்டுவந்த மணல் இருபுறமும் தங்கி அகன்றது. இன்று தீரு தீவு அல்ல, தீபகற்பம். இதை விசுவாசத்துக்கு எதிரான செய்தியாக யாராவது கொண்டுவந்தால் பதற வேண்டாம். கர்த்தர் தீர்மானித்தார், ராஜா ஆசைப்பட்டான், மணல் சேர்ந்தது. மூன்றும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய உண்மைகள்தான். ஏசாயா 10:5-15 இதே அடுக்கை அசீரியாவை வைத்து விளக்குகிறது: அது கர்த்தருடைய கோபத்தின் கோல், ஆனால் அதன் மனதில் அந்த எண்ணமே இல்லை, அழிக்கும் ஆசை மட்டுமே. கோடரி தன்னைப் பிடித்தவனுக்கு மேலாகப் பெருமை பேசினால் அதற்கும் தண்டனை உண்டு. "கர்த்தரே செய்தார்" என்பதால் படையெடுத்தவனின் கொடுமை நியாயமாகிவிடாது. இரத்தப்பழியால் பட்டணத்தைக் கட்டுகிறவனுக்கு ஐயோ என்று ஆபகூக் 2:12 பாபிலோனையே பார்த்துச் சொல்கிறது.

சரி, "இனிக் கட்டப்படமாட்டாய்" என்பதை என்ன செய்வது? முதலில் செய்யக்கூடாததைச் சொல்கிறேன். தீருவில் இன்று வீடே இல்லை, வலை உலர்த்தும் மீனவர் மட்டுமே இருக்கிறார்கள் என்று சில துண்டுப்பிரசுரங்களில் வரும். அது தவறு. லெபனானில் சூர் என்ற பெயரில் அது மக்கள் வாழும் நகரம், அதன் இடிபாடுகள் 1984 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளன. வகுப்பில் ஒரு இளைஞர் கைபேசியில் தேடிப் பார்த்தால் உங்கள் பாடம் முழுவதும் அந்த நொடியில் சரிந்துவிடும். அலெக்சாந்தருக்குப் பிறகு இருபது ஆண்டுக்குள்ளேயே, இன்னொரு நீண்ட முற்றுகையைத் தாங்கும் அளவுக்கு அந்த நகரம் தேறியிருந்தது.

இரண்டாவது, கரையிலிருந்த பழைய ஊரைப் பற்றித்தான் வசனம் பேசுகிறது என்ற விளக்கம். 26:5 சமுத்திரத்தின் நடுவே என்கிறதே. அதனால் இந்த விளக்கம் எனக்குத் தளர்வாகவே படுகிறது.

நான் சொல்லச் சொல்வது இதுதான். பழங்காலத்து நகரப் புலம்பல்கள் முற்றும் அழிவின் மொழியில் பேசுபவை, எசேக்கியேல் 26-உம் அந்த மொழியிலேயே பேசுகிறது. கடலை ஆண்ட, ராஜாக்களுக்கு முடிசூட்டிய, தன்னைத் தெய்வம் என்ற அந்தத் தீரு மீண்டும் எழவில்லை. ரோமர் காலத்துத் தீரு வளமான துறைமுகம்தான், ஆனால் பிறர் ஆட்சிக்கு உட்பட்ட ஊர். அதோடு ஏசாயா 23:15-18-ஐச் சேர்த்து வாசியுங்கள். 70 ஆண்டு மறக்கப்பட்டபின் தீரு மறுபடியும் வியாபாரத்துக்குத் திரும்பும் என்றும், அதன் லாபம் கர்த்தருக்குப் பரிசுத்தமாகும் என்றும் அங்கே இருக்கிறது. தீருவின் முடிவைப் பற்றி வேதத்துக்குள்ளேயே இரண்டு குரல்கள் உள்ளன, ஒன்றை வைத்து மற்றதை அடக்கக்கூடாது. எரேமியா 18:7-8 இந்த வகை வாக்குகளை எப்படிக் கேட்க வேண்டும் என்று பொதுவாகவே சொல்லிவிடுகிறது: ஒரு ஜாதி திரும்பினால் அவரும் தீங்கிலிருந்து திரும்புவார். யோனாவின் காலத்தில் 40 நாள் கெடு பெற்ற நினிவே அப்போது தப்பியது, பின்னர் கி.மு. 612-இல் மூன்று மாத முற்றுகையில் அழிந்தது.

நகரங்கள் விழும் விதமும் ஒன்றுபோல இல்லை. நினிவே ஒரே வீச்சில் போனது. கி.மு. 401-இல் அவ்வழியே சென்ற கிரேக்கரான செனபோன், அந்த இடிபாடுகளை நினிவே என்று அறியாமலேயே குறித்துவைத்தார். பாபிலோனோ கி.மு. 539-இல் போரின்றிப் பெர்சிய ராஜா கோரேசின் கைக்கு வந்து, அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகளில் மெல்ல ஆளொழிந்தது. தீரு விழுந்து, எழுந்து, குணம் மாறியது. ஒரே கால அட்டவணையை எல்லா நகரத்துக்கும் பொருத்தினால் ஏதாவது ஓர் இடத்தில் இடிக்கும்.

இனி ஒரு மணி நேரத்தைப் பிரிப்போம். முதல் 10 நிமிடம் வரைபடம், இரத்தாம்பரம், சரக்குப் பட்டியலில் ஏழெட்டு வசனம். அடுத்த 15 நிமிடம் குற்றங்கள்: ஆமோஸ் 1:9, யோவேல் 3:6, எசேக்கியேல் 26:2, 28:2, 28:18. ஒவ்வொன்றையும் ஒருவரை வாசிக்கவிட்டு, பலகையில் ஒரே சொல்லாக எழுதுங்கள். பிறகு 20 நிமிடம் ஏசாயா 23:8-9, எசேக்கியேல் 29:17-20, அலெக்சாந்தர், மணல், ஏசாயா 10. அதன்பின் 10 நிமிடம் லூக்கா 13:1-5. வெள்ளத்தைப் பற்றிய பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள், அவர்களே எடுப்பார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் ஏசாயா 23:18-ஐ வாசித்து, உடனே எஸ்றா 3:7-க்குப் போங்கள். இரண்டாம் தேவாலயத்துக்குக் கேதுரு மரம் கொண்டுவர ஏற்பாடானது சீதோனியரையும் தீரியரையும் வைத்துத்தான். பிறகு அப்போஸ்தலர் 21:5. தீருவின் கடற்கரையில் சீஷர்கள் மனைவி பிள்ளைகளோடு முழங்கால்படியிட்டுப் பவுலை வழியனுப்புகிறார்கள். வலை விரிக்கும் பாறை என்று எசேக்கியேல் 26:14-இல் சொல்லப்பட்ட அதே ஊரின் கரை.

குரலையும் கவனித்துக்கொள்ளுங்கள். எசேக்கியேல் 27-ஐப் புலம்பலாகப் பாடும்படிதான் கர்த்தர் கட்டளையிட்டார், ஏசாயா மோவாபுக்காகவே அழுதார் (16:9), இயேசு எருசலேமைப் பார்த்துக் கண்ணீர்விட்டார். வெற்றிச் செய்தி வாசிப்பதுபோல இந்தப் பகுதிகளை வாசித்தால், எவ்வளவு சரியாக விளக்கினாலும் "ஆ, ஆ" என்ற தொனி வந்துவிடும்.

நேரம் நெருக்கினால் எசேக்கியேல் 28:11-19-ஐ விட்டுவிடுங்கள். அதை எடுத்தால் ஏதேன், கேருப், சாத்தான் என்று கேள்விகள் கிளம்பி மீதி அரை மணியும் அதிலேயே போகும், தீருவின் வியாபாரிகள் மறந்துபோவார்கள். 18-ஆம் வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதைத் தனி வகுப்பாக வைத்துக்கொள்ளலாம்.